பதினேழாம் நம்பர் டின்

ரம் வாசனை போட்ட பைப் புகையிலையைப் பற்றிக் கேட்பவர்களுக்கு நான் ஒரே பதில்தான் வைத்திருந்தேன். ரம் வேண்டுமென்றால் ரம்மைக் குடி, புகையிலை வேண்டுமென்றால் புகையிலையைப் பிடி, இரண்டையும் ஒரே வாயில் கேட்கிறவனுக்கு இரண்டிலுமே ருசி தெரியாது. இதைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் சிரிக்க வேண்டும். சிரிக்காவிட்டால் அவரையும் ருசி தெரியாதவர்கள் பட்டியலில் சேர்த்துவிடுவேன். அந்தப் பட்டியல் நீளமானது.

இருபத்தாறு வருஷமாகப் புகையிலைக் கம்பெனியில் எனக்கு இதுதான் வேலை. கலவைப் பிரிவில் இலைகளைக் கலந்து, டின்னில் அடைத்து, யார் கலந்தது என்று எழுதாமல் வெறும் நம்பர் மட்டும் ஒட்டி என் அறைக்கு அனுப்புவார்கள். நான் பைப்பில் போட்டுப் புகைத்துப் பார்த்து அறிக்கை எழுதுவேன். நான் நன்றாக இருக்கிறது என்றால் அது கடைக்குப் போகும், இல்லையென்றால் குப்பைக்குப் போகும். ஆபீஸில் முதுகுக்குப் பின்னால் எனக்கு ‘மூக்கர்’ என்று பெயர். தெரியாத மாதிரி இருந்துகொள்வேன். கேட்கச் சந்தோஷமாகத்தான் இருக்கும்.

என் அறை இரண்டாவது மாடியில், லாரிகள் வந்து நிற்கும் முற்றத்தைப் பார்த்த மாதிரி இருந்தது. சென்ட் போட்டுக்கொண்டு யாரும் உள்ளே வரக் கூடாது. காபிக் கோப்பையோடு வாசலைத் தாண்டக் கூடாது. நான் பைப் பற்றவைத்துவிட்டால் மேனேஜராக இருந்தாலும் வெளியிலேயே நிற்க வேண்டியதுதான். அந்த மேனேஜருக்குப் புகையிலைக்கும் காய்ந்த சருகுக்கும் வித்தியாசம் தெரியாது, நான் சிரித்தால் சிரிப்பார், நான் முகம் சுளித்தால் சுளிப்பார். பேக்கிங் சூப்பர்வைசர் என்று இன்னொருவர். நாள் முழுக்க வாயில் பைப் தொங்கும். டயரைக் கிழித்து அடைத்துக் கொடுத்தாலும் “நல்லாதான் சார் இருக்கு” என்பார். இவர்களுக்கு நடுவில் ஒருவனாவது மூக்கோடு பிறந்திருக்கிறானே என்று கம்பெனி என்னை வைத்துக்கொண்டிருந்தது.

இந்தக் கம்பெனியில்தான் என் மருமகளும் வேலைக்குச் சேர்ந்தாள். வேதியியல் படித்தவள். கலவைப் பிரிவில் ஒரு வருஷ நியமனம். வீட்டில் என்னை மாமா என்பாள், ஆபீஸ் வாசலுக்குள் கால் வைத்ததும் சார் என்பாள். பைப்பை ஒருநாள்கூட வாயில் வைத்தவள் இல்லை. சின்னத் தராசு, கண்ணாடிக் குழாய், நோட்டுப் புத்தகம், இவைதான் அவளுடைய சாமான்கள். தான் கலந்ததை மதிய இடைவேளையில் அந்த டயர் பேர்வழியிடம் கொடுத்துப் பிடிக்கச் சொல்லி, அவர் சொல்வதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொள்வாள். இதைக் கேள்விப்பட்டபோது எனக்குப் புரையேறிவிட்டது.

மாதக் கடைசியோடு அவளுடைய வருஷம் முடிகிறது. ரம் போட்டு அவள் செய்திருக்கும் கலவை தேறினால் நிரந்தரம், இல்லாவிட்டால் வேலை இல்லை என்று மேனேஜர் சொல்லியிருந்தார். வேலை இல்லையென்றால் அவளும் என் மகனும் வேறு ஊருக்குக் குடிபோவதாக வீட்டில் பேச்சு. என் மனைவி அதைக் கேட்டதிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. மருமகளுடைய கலவைதான் பதினேழாம் நம்பர் டின். யாரும் என்னிடம் சொல்லவில்லை. ஆனால் மூன்று மாதமாக அவள் தோள்பையில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்த வாசனை டின்னைத் திறந்ததும் முகத்தில் வந்து அடித்தால் எனக்கா தெரியாது?

சொந்தக்காரி ஆயிற்றே, நான் தீர்ப்புச் சொல்லலாமா என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்காததற்குக் காரணம் என் மச்சினன், சொந்தம் என்று அவனை நான் விட்டுவைத்ததில்லை. என் மனைவியின் தம்பி, அதே கலவைப் பிரிவில் இருந்தவன். ஆறு வருஷத்துக்கு முன்னால் செர்ரி வாசனை போட்டு ஒன்று செய்தான். “இருமல் மருந்து பாட்டில் தவறி இலையில் கவிழ்ந்திருக்கிறது, பாட்டிலுக்காக வருந்துகிறேன்” என்று அறிக்கையில் எழுதினேன். கேன்டீனில் ஒரு வாரம் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அவனை ‘சிரப்பு’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அந்த மாதமே வேலையை விட்டான், என் வீட்டுக்கு வருவதையும் விட்டான். என் மனைவி இதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. நியாயம் தெரிந்தவள் என்று நினைத்துக்கொண்டேன்.

இனி என் வேலை முறையைச் சொல்ல வேண்டும். சுவரில் ஆறு பைப் மாட்டி வைத்திருந்தேன், ஆறும் கெட்டியான வேர்க்கட்டையில் கடைந்தவை. அந்தக் கட்டை வாசனையைக் குடித்து வைத்துக்கொள்ளும். ஒரு தடவை வெனிலா போட்ட சனியனை ஒன்றில் அடைத்துப் பார்த்துவிட்டு, அதற்கப்புறம் ஒரு வருஷம் எந்த இலையைப் போட்டாலும் ஐஸ்கிரீம் கடையில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. அத்தோடு முடிவு செய்தேன், வாசனை போட்ட எதுவும் என் பைப்பைத் தொடக் கூடாது. அதுகளுக்கென்று மணி உதிர்த்த மக்காச்சோளக் கதிரைக் குடைந்து செய்கிற மலிவுப் பைப்பைப் பெட்டியாக வாங்கி வைத்தேன். ஒவ்வொரு தடவைக்கும் புதுசு ஒன்று எடுப்பேன். ஒரு தடவை பிடித்ததும் குப்பையில் போட்டுவிடுவேன். ஒன்றின் வாசனை இன்னொன்றில் ஒட்டாது பாருங்கள். என்னைப்போல் நியாயஸ்தன் உண்டா என்று எனக்கே பெருமை.

பதினேழை மூன்று நாள், மூன்று புதுச் சோளப் பைப்பில் பார்த்தேன். டின்னில் வாசனை குப்பென்று இருந்தது. இலை கறுப்பு, கொஞ்சம் ஈரம் அதிகம். பற்றவைத்ததும் ஒரு அசட்டுத் தித்திப்பு நாக்கில் படிந்தது. பாதிக்கு மேல் ரம்மும் தெரியவில்லை, இலையும் தெரியவில்லை. அடியில் கருகிய மரத்தின் கசப்பு. மூன்று நாளும் அதே கதை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. படித்தவளின் தராசு லட்சணம் தெரிந்துவிட்டது.

அறிக்கை எழுத உட்கார்ந்தால் எனக்குக் கை தானாக ஓடும். “சர்க்கரைப் பாகில் நனைத்த பழைய கயிறு. ரம் எட்டிப் பார்த்துவிட்டு, வந்த இடம் சரியில்லை என்று திரும்பிப் போய்விட்டது. அடியில் கருகிய மரக் கசப்பு. இலையை வாட்டத் தெரியாமல் அடுப்பில் போட்டிருக்கிறார்கள். இதை யாருக்காவது கொடுக்க வேண்டுமானால் புகைப்பதை நிறுத்த நினைப்பவர்களுக்குக் கொடுக்கலாம்.” எழுதி முடித்து நானே இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். மதியம் கேன்டீனில் மேனேஜருக்கும் வாசித்துக் காட்டினேன். சிரித்துச் சிரித்து அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இரண்டு மேஜை தள்ளி மருமகள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவள் தலை நிமிரவில்லை.

அன்று இரவுச் சாப்பாட்டில் என் மகன் தட்டைப் பார்த்துக்கொண்டே எழுந்து போனான். மனைவி மட்டும், நாளைக்கு மூணு மணிக்குத்தானே கூட்டம் என்று கேட்டாள். ஆமாம் என்றேன். ஆபீஸ் விஷயம் வீட்டில் வேண்டாம் என்றும் சேர்த்துச் சொன்னேன்.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு மருமகள் என் அறைக் கதவைத் தட்டினாள். அழுதுகொண்டு வந்திருப்பாள் என்றுதான் நினைத்தேன். அப்படி வந்தால் என்ன சொல்ல வேண்டும் என்றும் யோசித்து வைத்திருந்தேன். அவள் கையில் ஒரு ஃபைல் இருந்தது. அதிலிருந்து பத்துத் தாள்களை எடுத்து என் மேஜையில் வரிசையாக வைத்தாள். எல்லாம் என் பழைய அறிக்கைகளின் நகல்.

“எட்டு வருஷத்துல வாசனை போட்ட கலவை பத்து வந்திருக்கு சார். விஸ்கி, தேன், காபி, செர்ரி, எல்லாமே வேற வேற ஆளுங்க பண்ணது. பத்துலயும் நீங்க அதே ரெண்டு குறைதான் எழுதியிருக்கீங்க. ஆரம்பத்துல சர்க்கரை அதிகம், அடியில கருகின மரம். என்னோடதுலயும் அதேதான்.”

எல்லாரும் ஒரே தப்பைச் செய்தால் நான் என்ன செய்ய முடியும் என்று கேட்டேன். முட்டாள்தனத்தில் புதுசாக என்ன வந்துவிடப் போகிறது என்றும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

“என்னோடதுல நான் ஒரு சொட்டு சர்க்கரைகூட சேக்கல சார். நீங்க எந்தப் பைப்ல பாத்தீங்க?”

நான் மேஜை இழுப்பறையைத் திறந்து பெட்டியைக் காட்டினேன். ஒவ்வொரு தடவையும் புதுசு, முந்தின வாசனை ஒட்டாது, இந்தக் கம்பெனியில் வேறு எவனும் இவ்வளவு பார்க்க மாட்டான் என்று விளக்கமாகச் சொன்னேன். அவள் ஒரு பைப்பை எடுத்து உள்ளே பார்த்தாள். விரலை விட்டுத் தடவினாள். ஊதுகிற குழாயின் மரக் குச்சி கிண்ணத்துக்குள்ளே கால் அங்குலம் நீட்டிக்கொண்டிருந்ததை எனக்குத் திருப்பிக் காட்டினாள். புதுச் சோளப் பைப் முதலில் வேகவைத்த சோளம் மாதிரிதான் இனிக்கும், அடிக்கு வரும்போது இந்தக் குச்சி எரியும், முப்பது நாப்பது தடவை பிடித்த பிறகுதான் உள்ளே கரி கட்டி இலையின் வாசனை தெரிய ஆரம்பிக்கும் என்று சூப்பர்வைசர் சொன்னாராம். அவரும் சோளப் பைப்தான் வைத்திருக்கிறார், ஆனால் ஐந்து வருஷமாக ஒரே பைப்.

எனக்குப் பாடம் எடுக்க அந்த ஆள்தான் கிடைத்தானா என்று கேட்டேன். அவள் தாள்களை அடுக்கி ஃபைலில் வைத்துக்கொண்டு கதவு வரைக்கும் போனாள்.

“கூட்டத்துக்கு இன்னும் நாலு மணி நேரம் இருக்கு. உங்க பைப்ல ஒரே ஒரு தடவ பாருங்க மாமா.”

ஆபீஸுக்குள் அவள் என்னை மாமா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அதற்கு எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

அவளைப் பொய்யாக்க வேண்டும் என்றுதான் கதவைச் சாத்தினேன். புதுச் சோளப் பைப் ஒன்றை எடுத்து, பதினேழை விட்டுவிட்டு, இருபது வருஷமாக நான் தினமும் பிடிக்கிற என் சொந்தப் புகையிலையை அடைத்தேன். வாசனை போடாத சுத்தமான இலை, நானே தேறவைத்தது. பற்றவைத்தேன். அசட்டுத் தித்திப்பு நாக்கில் படிந்தது. பாதிக்கு மேல் இலையைக் காணவில்லை. அடியில் கருகிய மரம் கசந்தது. என் அறிக்கை வரிக்கு வரி என் வாய்க்குள் வந்துகொண்டிருந்தது. எழுந்து ஜன்னலைத் திறந்தேன். கீழே ஒரு லாரியைப் பின்பக்கமாக எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு சுவரில் இருந்து என் நல்ல பைப்பை எடுத்து அதில் பதினேழை அடைத்தேன். கெட்டுப்போகும் என்று தெரிந்தேதான் அடைத்தேன். குறையே இல்லை என்று இன்றும் சொல்லமாட்டேன். ஈரம் அதிகம், இரண்டு தடவை அணைந்தது. ஆனால் முதலில் இலைதான் வந்தது, நல்ல கனமான இலை. ரம் உடனே வரவில்லை. புகையை மூக்கு வழியாக விடும்போது, குடித்துவிட்டு வைத்த கிளாஸில் மறுநாள் மிஞ்சியிருக்கும் வாசனை அளவுக்கு வந்தது. வந்து இலையை அமுக்காமல் பக்கத்திலேயே இருந்தது. அடி வரைக்கும் போனேன். கசப்பில்லை, கிண்ணத்தில் சாம்பல் வெள்ளையாக விழுந்தது. பைப் பிடிக்காத ஒரு பெண், தராசை வைத்துக்கொண்டு, டயர் பேர்வழியின் வாயைக் கடன் வாங்கிச் செய்தது இது. வயிறு எரிந்தது.

மூன்று மணிக்குக் கூட்டம். மேனேஜர் என் அறிக்கையை எடுத்து, பழைய கயிறு என்ற இடத்துக்கு வருவதற்கு முன்னாலேயே சிரிக்கத் தொடங்கினார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். அறிக்கையைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன், தப்பான பைப்பில் பார்த்துவிட்டேன், இந்தக் கலவை தேறும், கொஞ்சம் உலர்த்தினால் போதும் என்றேன். பிறகு மேனேஜர் கைதட்டினார். எல்லாரும் தட்டினார்கள். பெரிய மனசு என்றார்கள், இருபத்தாறு வருஷ அனுபவம் பேசுகிறது என்றார்கள். தப்பு செய்தவனுக்குக் கைதட்டுகிற கூட்டத்தை என்னவென்று சொல்வது? ஆனால் எனக்கு அது இனிக்கத்தான் செய்தது. மருமகளுக்கு வேலை நிரந்தரம் என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள். நான் அவள் நன்றி சொல்வதற்காக நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொண்டு காத்திருந்தேன்.

அவள் எழுந்து அந்தப் பத்துத் தாள்களை மேஜை நடுவில் வைத்தாள்.

“அப்ப இதெல்லாம் சார்?”

மேனேஜர் புரட்டிப் பார்த்தார். முகம் மாறியது. பழைய குப்பையை இப்போது எதற்குக் கிளற வேண்டும், உனக்குத்தான் வேலை கிடைத்துவிட்டதே என்றார். இதில் ஆறு பேர் வேலையை விட்டே போயிருக்கிறார்கள் என்று அவள் சொன்னாள். அவர் என்னைப் பார்த்தார். நான் ஏதாவது வேடிக்கையாகச் சொல்லி முடித்துவைத்தால் எல்லாரும் சிரித்துவிட்டு எழுந்து போகலாம், அவ்வளவுதான் வேண்டியது. எனக்கு அது பெரிய வேலையும் இல்லை. மேலே கிடந்த தாளைப் பார்த்தேன். இருமல் மருந்து பாட்டில் என்று என் கையெழுத்தில் இருந்தது.

“பத்தும் அதே பைப்தான்” என்றேன்.

இதற்கு யாரும் கைதட்டவில்லை. சூப்பர்வைசர் மட்டும் பைப்பை வாயிலிருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானது. நான் அவரைப் பார்க்கும் பார்வை. கடைசியில், அந்தப் பத்துப் பேருக்கும் நானே கடிதம் எழுத வேண்டும், கலவைகள் மீதமிருந்தால் மறுபடி பார்க்க வேண்டும், அதுவரைக்கும் புது டின் எதுவும் என் அறைக்கு வராது என்று மேனேஜர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் தாளும் பேனாவுமாக உட்கார்ந்தேன். முதல் கடிதம் மச்சினனுக்கு. தானாக ஓடுகிற என் கை ஒரு மணி நேரமாக ஓடவில்லை. நான்கு தாளைக் கசக்கினேன். ஐந்தாவதில் “உன் கலவையை நான் சுவைக்கவே இல்லை. சோளத்தைத்தான் சுவைத்திருக்கிறேன். தப்பு என்னுடையது” என்று எழுதினேன். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. மருமகள் அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். மனைவி எதிரில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். தாளை அவள் பக்கம் தள்ளினேன். ஆறு வருஷத்துக்கு அப்புறம் தம்பியோடு பேச வழி பிறந்தது என்று அவள் முகம் மலரும் என்று எதிர்பார்த்தேன்.

அவள் படித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

“இது அவனுக்கு அன்னைக்கே தெரியும்.”

என்ன தெரியும் என்று கேட்டேன். என் அறைக் குப்பைக் கூடையில் கிடந்த சோளப் பைப்பை அவன் எடுத்துப் பார்த்திருக்கிறான். உள்ளே அவனுடைய செர்ரி எரிந்து கிடந்திருக்கிறது. அன்று மாலையே அக்காவிடம் வந்து, காரணம் இதுதான் என்று சொல்லிவிட்டுத்தான் வேலையை விட்டிருக்கிறான். ஆறு வருஷமாக அவளுக்குத் தெரியும்.

“பின்ன ஏன் அவன் எங்கிட்ட சொல்லல? நீயாவது சொல்லியிருக்கலாமில்ல?”

அவள் ஒரு சட்டையின் காலரை நீவி மடித்தாள். என் சட்டைதான்.

“சொல்லியிருந்தா சிரிச்சிருப்பீங்க. மறுநாளே ஆபீஸ்ல போயி அதையும் சொல்லி எல்லாரையும் சிரிக்க வெச்சிருப்பீங்க. நான் சொல்லட்டுமான்னு கேட்டேன். வேண்டாங்க்கா, சிரப்புங்கிற பேரே போதும்னான்.”

அப்படியெல்லாம் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவள் மடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அடுப்படியில் தண்ணீர்ச் சத்தமும் நின்றுவிட்டது. ஆறு வருஷத்துக்கு முன்னால் மச்சினன் அந்தச் சோளப் பைப்பைக் கையில் பிடித்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று, யோசிக்காமலே, வார்த்தை பிசகாமல் எனக்கு வந்துவிட்டது. நல்ல ஜோக்தான். மேனேஜருக்குக் கண்ணில் தண்ணீர் வந்திருக்கும். நான் வாயை மூடிக்கொண்டேன். அவள் துணிகளை அடுக்கி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.